பிரவுனிக்கு வடைமாலை

எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் முதலில் ஒரு நாயை வீட்டுக்குள் அழைத்து, சந்தனப் பொட்டு வைத்து, கழுத்தில் வடைமாலை போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மனிதர்கள் உட்காரலாம். இது தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம் என்று மாத்தளையிலும் நாலந்தாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள எங்கள் சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். கனடாவில் இருக்கிற ஒரு மச்சினி, நாயை உள்ளே விடமாட்டோம் என்று மண்டபக்காரர்கள் சொன்னதற்காகத் தன் கல்யாண மண்டபத்தையே மாற்றினாள்.

அது சுத்தப் பொய். தலைமுறையும் இல்லை, வழக்கமும் இல்லை. ஏழு வருடங்களுக்கு முன்னால், பள்ளிக்கூட இடைவேளையில், சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டு போனில் நான் அவிழ்த்துவிட்ட பொய் அது. இப்போதாவது ஒப்புக்கொண்டுவிடலாம் என்று பார்க்கிறேன். (இந்தக் கட்டுரை மாமனார் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது என் மனைவியின் பொறுப்பு.)

பொய்க்குக் காரணம் என் அப்பா. அப்பாவுக்கு மாத்தளை டவுனில் மிளகாய், மல்லி, அரிசி அரைக்கிற மில் இருக்கிறது. முப்பத்தைந்து வருடமாக அந்த மெஷின் சத்தத்துக்குள் நின்றவர். அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. விரலைக் காட்டினால் வரிசையில் நில், உள்ளங்கையைக் காட்டினால் பொறு, புருவத்தை உயர்த்தினால் நைசா கரகரப்பா என்று எல்லாமே சைகையில் முடிந்துவிடும். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. எங்களிடம் நேராகப் பேச வேண்டிய நிலைமை வந்தால் அப்பாவுக்குக் கூச்சத்தில் காது சிவந்துவிடும்.

ஆனால் நாயிடம் பேசுவார். எங்கள் நாயின் பெயர் பிரவுனி. நாய் நல்ல கறுப்பு. முதல் பிரவுனிதான் உண்மையிலேயே பிரவுன். அது செத்த பிறகு வந்த நாய்களுக்கு வேறு பெயர் சொல்லிப் பழக அப்பாவால் முடியவில்லை. நான் சொல்கிற காலத்தில் இருந்தது மூன்றாவது பிரவுனி. எங்களுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அப்பா அதனிடம்தான் சொல்வார். நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் நான் கணக்கில் கோட்டைவிட்டு அறைக்குள் படுத்துக் கிடந்தபோது (இப்போது நான் கணக்கு வாத்தியார், பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்) வாசலில் அப்பாவின் குரல் கேட்டது.

"பிரவுனி, கணக்குல கோட்ட விட்டவங்களுக்குப் பசிக்காதா? சோறு ஆறுதுன்னு சொல்லு."

அம்மாவும் சளைத்தவர் இல்லை. காய்ச்சலில் படுத்திருக்கும்போது, இன்றைக்கு யாரும் அடுப்படிக்குப் போக வேண்டாம், பேக்கரியில் பாண் வாங்கி வந்துவிட்டேன் என்று அப்பா நாயிடம் சொன்னால், பாணுக்குப் பருப்பு யார் வைப்பது என்று கேள் என அம்மா கட்டிலில் இருந்தபடியே நாயிடம் பதில் அனுப்புவார். பிரவுனி இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். எங்கள் வீட்டில் அதிகமாக வேலை செய்த ஆள் அந்த நாய்தான்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்குக் காதல் வந்தது. தர்ஷினி நான் வேலை செய்த பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். வீடு மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. அவளுடைய அப்பா சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரர். நாவுலவில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றபின், காணி வாங்கி, வயல் செய்து, ஒரு பசுவும் வளர்த்துக்கொண்டு அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். என் அப்பாவுக்கு நேரெதிரான ஆள். தபால்காரர் கடிதம் கொடுக்க வந்தால் தேத்தண்ணி குடித்து, நாட்டு நடப்பெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் சைக்கிளில் ஏற முடியும்.

ஆனால் அவரிடமும் ஒரு கோளாறு இருந்தது. தாயில்லாத ஒரே மகள். அவளை "பிள்ளை, இஞ்ச வா" என்பதற்கு மேல் அவர் கொஞ்சியதே இல்லை. கொஞ்சல் முழுவதும் கௌரி என்கிற பசுவுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாட்டுக்கொட்டில் தர்ஷினியின் அறை ஜன்னலுக்கு நேரே இருந்தது. விடிந்தால் "என்ர செல்லம், என்ர குஞ்சு, வடிவாச் சாப்பிட்டியோ" என்று அவர் மாட்டோடு கொஞ்சுகிற சத்தத்தில்தான் அவள் கண் விழிப்பாள். சாணி நாற்றம் தாங்கவில்லை, கொட்டிலைத் தள்ளிப் போடுங்கள் என்று எத்தனையோ தடவை கெஞ்சியும் அவர் அசையவில்லை. அடுத்த பிறவியில் தன் அப்பா வீட்டு மாடாகப் பிறக்க வேண்டும் என்று தர்ஷினி ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு முழுதாக வரவில்லை. எனக்கு அந்த மாட்டின் மேல் அன்றைக்கே கோபம் வந்துவிட்டது.

நாங்கள் இந்திய வம்சாவளி, அவர்கள் யாழ்ப்பாணம். அதற்காகவே நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். சிவபாதம் அங்கிள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனிதருக்கு மரியாதை மட்டும் முக்கியம். அந்த மரியாதையைத்தான் என் அப்பா மில்லில் வைத்து அரைத்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்க அங்கிள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மாத்தளைக்கு வந்து நேராக மில்லுக்குள் போயிருக்கிறார். மிளகாய் ஓடிக்கொண்டிருந்த நேரம். தான் யார், எந்த ஊர், மகள் என்ன படித்தாள் என்று கால்மணி நேரம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று விளக்கியிருக்கிறார். அப்பாவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முதலில் புருவத்தை உயர்த்தியிருக்கிறார். (நைசா, கரகரப்பா?) அங்கிள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க, அப்பா விரலை நீட்டி வரிசையின் கடைசியைக் காட்டியிருக்கிறார். அங்கிள் தும்மிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் பஸ் ஏறிப் போனார். சிவந்த கண்ணோடு வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்றே தர்ஷினி நினைத்தாளாம்.

மறுநாள் அவர் மகளிடம் சொல்லி அனுப்பிய தீர்ப்பு இது:

"பெடியனிலை பிழையில்லை. தகப்பன் இஞ்ச வந்து, தன்ர வாயால, பிள்ளையைத் தாங்கோ எண்டு கேக்கட்டும். கேட்டால் தாறன். கேக்காட்டில் இந்தக் கதையை இதோட விடுவம்."

நியாயமான கோரிக்கைதான். உலகத்தில் வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் அரை நிமிட வேலை. நான் விசயத்தைப் பிரவுனியிடம் சொன்னேன். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா தலையை ஆட்டினார். அவருக்குச் சம்மதம்தான், தர்ஷினியின் படத்தை இரண்டு தடவை வாங்கிப் பார்த்திருந்தார். அன்று பின்னேரமே ஒத்திகை தொடங்கியது. அம்மா தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு சிவபாதம் அங்கிளாகக் கதிரையில் உட்கார்ந்தார். அப்பா எதிரே உட்கார்ந்தார். காது சிவந்தது. "வந்து" என்றார். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார்.

அடுத்த நாளும் "வந்து". அதற்கடுத்த நாள் அதுவும் வரவில்லை. வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று நான் கொல்லைப் பக்கம் போனேன். அங்கே குழாயடியில் பிரவுனியை உட்கார வைத்து, அப்பா எதிரே குந்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். ஐயா என்று ஆரம்பித்து, எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வேண்டும், அது உங்கள் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று தொடங்கி, தங்குதடையில்லாமல் ஒரு முழுப் பேச்சு. முடிவில் நாய்க்கு ஒரு கும்பிடு. கோவில் திருவிழாவில் பேசுகிறவர்கள் தோற்றுப் போவார்கள். நான் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் மறைந்து நின்று கேட்டேன். அப்போதுதான் என் மண்டைக்குள் அந்த யோசனை உதித்தது. நாயையும் கூட்டிக்கொண்டு போவது.

நாய் காலடியில் படுத்திருக்கும். அப்பா நாயைப் பார்த்துப் பேசுவார். தலை கொஞ்சம் குனிந்திருக்கும், அவ்வளவுதான். பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள். இதில் ஒரேயொரு சிக்கல், பெண் கேட்கப் போகிற வீட்டுக்கு ஏன் நாயைக் கொண்டு வருகிறோம் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். என் அப்பாவுக்கு நாய் இல்லாமல் பேச்சு வராது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. மறுநாள் பள்ளிக்கூட இடைவேளையில் நான் போனை எடுத்து, எங்கள் குடும்பத்தில் நல்ல காரியத்துக்கு நாயோடு போவதுதான் வழக்கம் அங்கிள் என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. அவர் வாழ்நாளிலேயே அதுதான் நீண்ட மௌனமாக இருந்திருக்கும். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வைரவரோ?"

வைரவரின் வாகனம் நாய் என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேறு வழியில்லாமல், வைரவர்தான் அங்கிள் என்றேன். அவருடைய குரலே மாறிப் போனது. யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய குலதெய்வமும் வைரவராம். இவ்வளவு நெருங்கிய விசயத்தை இத்தனை நாளும் ஏன் சொல்லாமல் இருந்தீர்கள் என்று என்னைக் கோபித்துக்கொண்டார். போன் அவருடைய அக்காவின் கைக்குப் போனது. தர்ஷினியை வளர்த்தவர் அவர்தான், அவளுக்கு மாமி. அவர் முறைகளை ஒவ்வொன்றாக விசாரித்தார். எந்தத் திசை பார்த்து இருத்துவது, யார் முதலில் பொட்டு வைப்பது என்று கேட்டு, கடைசியாக, அவர் அன்றைக்கு விரதமா என்றார். அவர் என்றது நாயை.

கடும் விரதம் என்றேன். பொய் சொல்கிறவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிய வேண்டும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, எதுவுமே தெரியாது. வீட்டில் அம்மாவிடம், அவர்கள் நாய்ப் பிரியர்கள், பிரவுனியைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று வேறொரு பொய்யைச் சொல்லி வைத்தேன்.

அந்த நாளும் வந்தது. வேனில் வாந்தி எடுக்கும் என்று காலையிலிருந்தே பிரவுனிக்கு எதுவும் கொடுக்கவில்லை. (ஆக, விரதம் மட்டும் உண்மையாகிவிட்டது.) முன் சீட்டில் பிரவுனி, பின்னால் பட்டு வேட்டியில் அப்பா, மடியில் வெற்றிலை பாக்குத் தட்டோடு அம்மா, பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நான். அலுவிகாரை தாண்டும் வரைக்கும் யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. அப்பாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, பாடம் ஒப்பிக்கிறார் என்று புரிந்தது. எனக்கு முதல் தடவையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நாலந்தாவில் வாசலிலேயே நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கைகூப்பி நின்றார்கள். வேன் கதவைத் திறந்ததும் மாமி ஆலாத்தித் தட்டோடு வந்தார். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார். மாமி அவரைக் கையால் மெல்ல விலக்கிவிட்டு, பிரவுனிக்கு மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் சந்தனம் வைத்தார்.

"ஏண்டா நம்ம நாய்க்கு ஆலாத்தி எடுக்கிறாங்க?" என்று அம்மா என் காதில் கேட்டார்.

"யாழ்ப்பாணத்து வழக்கம்மா. பேசாமக் கும்பிடுங்க."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மகன் வாழ்க்கைப் பிரச்சினை என்பதால், தினமும் விளக்குமாற்றைக் காட்டி விரட்டுகிற அதே நாயைத் தலைகுனிந்து கும்பிட்டார். எங்கள் பக்தியைப் பார்த்து மாமியின் கண் கலங்கிவிட்டது. அவர் அம்மாவைவிடத் தாழக் குனிந்தார். அதைப் பார்த்து அம்மா இன்னும் தாழக் குனிந்தார். இது எங்கே போய் முடியும் என்று தெரியாமல் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பிரவுனி நிறைகுடத்தில் இருந்த மாவிலையை முகர்ந்து பார்த்தது.

உள்ளே போனதும்தான் என் திட்டத்தில் முதல் ஓட்டை தெரிந்தது. ஹாலின் கிழக்குப் பக்கம் வெள்ளைத் துணி விரித்த கதிரை பிரவுனிக்கு. அப்பாவுக்கு எதிர்மூலையில் சோபா. நடுவில் சொந்தக்காரர்கள் எல்லோரும். அப்பாவின் காலடியில் நாய் இல்லை. சிவபாதம் அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு, கேளுங்கள் என்கிற முகத்தோடு அப்பாவையே பார்த்தார். நேரம் போனது. அப்பாவின் இரண்டு காதும் அரைத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டன. கதவோரம் நின்ற தர்ஷினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கடைசியில் எழுந்தார். நேராக நாயின் கதிரையை நோக்கி நடந்தார். பூசை தொடங்கிவிட்டது என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் நாயின் முன்னால் குனிந்து, "பிரவுனி" என்று வாயைத் திறந்த அதே நொடியில், குசினியிலிருந்து மாமி வடைமாலையோடு வந்தார்.

வைரவருக்கு வடைமாலை சாத்துவது அவர்களுடைய வழக்கம். வாகனத்துக்கும் சாத்தலாம் என்பது மாமியின் சொந்தத் தீர்மானம். ஐம்பத்தொரு உளுந்து வடை. பாரம் தாங்காது என்று நைலோன் கயிற்றில் கோத்திருந்தார். அப்போதுதான் எண்ணெயிலிருந்து இறக்கியது போலச் சூடாக மணந்தது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத நாயின் கழுத்தில் அதைப் பயபக்தியோடு போட்டார்.

பிரவுனி முதலில் நம்பவில்லை. பிறகு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது. வடை. வலப்பக்கம் பார்த்தது. அங்கேயும் வடை. வாய்க்கு எட்டினால்தானே? கதிரையில் நின்றபடியே ஒரு சுற்றுச் சுற்றியது. வடையும் கூடவே சுற்றியது. இரண்டாவது சுற்றில் கதிரை சாய்ந்தது. மூன்றாவது சுற்றில் நாய், கதிரை, வெள்ளைத் துணி எல்லாம் அப்பாவின் மேல் விழுந்து, நாய் மட்டும் எழுந்து குசினி வழியாகப் பின்பக்கம் ஓடியது. நாய்க்கு உரு வந்திட்டுது என்று ஒரு சின்னப்பிள்ளை கத்தியது. சாமி வந்து ஆடுவதைத்தான் சொன்னது என்று நினைக்கிறேன்.

பின்பக்கத்தில் கௌரி நின்றது. முன்னால் ஒரு மாலை இழுபட்டுப் போனால் எந்த மாடுதான் சும்மா இருக்கும்? மாலையின் மறுமுனையை வாயில் கவ்விக்கொண்டது. நைலோன் அறுபடவில்லை. பிரவுனி பயந்து இழுக்க, கௌரி விடாமல் இழுக்க, மாட்டைக் கட்டியிருந்த முளை பிடுங்கிக்கொண்டது. ஒரே வடைமாலையில் ஒரு பக்கம் நாயும் மறுபக்கம் மாடுமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார்கள். நிறைகுடம் உருண்டு தண்ணீர் முற்றமெல்லாம் ஓடியது. தேங்காய் உருண்டு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தது. குத்துவிளக்கு அணைந்தது. அம்மா தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கல்லாகி நின்றார். நாயும் மாடும் வாழைத்தோட்டம் வழியாக வயல் பக்கம் இறங்கி மறைந்தன.

நிறைகுடம் கவிழ்ந்தால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமி வாயில் கையை வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் குசுகுசுக்கத் தொடங்கினார்கள். சிவபாதம் அங்கிள் என்னைப் பார்த்து, "தம்பி, இது என்ன கூத்து?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாட்டைத் தேடி ஓடினார். அப்பா அவருக்கு முன்னாலேயே ஓடிவிட்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. கல்யாணம் போனது போனதுதான், இனி இந்த வீட்டுப் பக்கமே வர முடியாது என்று தெரிந்தது.

தர்ஷினி கிட்டே வந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ ரவி. அப்பிடி ஒரு வழக்கம் இருக்கோ?"

"இல்ல."

"அப்ப ஏன்?"

"அப்பாவுக்கு நாய் இல்லாமப் பேச வராது."

அவள் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கௌரி வாய்க்காலில் விழுந்தால் அப்பா உயிரை விட்டுவிடுவார், வாருங்கள் என்று ஓடினாள். நானும் ஓடினேன். எங்களுக்குப் பின்னால் அம்மா தட்டைக் கீழே வைக்க இடமில்லாமல் அதையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

வாழைத்தோட்டத்தின் முடிவில் தர்ஷினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வயல் வரப்பில் கௌரி நின்று நிதானமாக வடை மென்றுகொண்டிருந்தது. அதன் கயிறு என் அப்பாவின் கையில். நாலு முழம் தள்ளி சிவபாதம் அங்கிள் குந்தியிருந்து, பிரவுனியின் கழுத்தில் சிக்கிய நைலோன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அப்பாவின் பட்டு வேட்டியில் முழங்கால் வரைக்கும் சேறு. அவர் நாயைப் பார்த்தார். நாய் அவரிடம் இல்லை. பிறகு கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார், கயிற்றின் முனையில் இருந்த மாட்டைப் பார்த்தார்.

"இங்க பாரு கௌரி" என்றார். "நான் மில்லுக்காரன். எனக்குப் பேச வராது. ஐயா அன்னைக்கு மில்லுக்கு வந்தப்ப யாருன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தாலும் பேசியிருக்க மாட்டேன், அது வேற விசயம். மன்னிச்சுக்கச் சொல்லு."

கௌரி மென்றது. அப்பா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார்.

"எங்க ரவி சின்ன வயசுல மில்லுக்கு எனக்குச் சோறு கொண்டாருவான். மெஷின் சத்தம்னா அவனுக்கு அவ்ளோ பயம். ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டு, சோத்துப் பாத்திரத்தத் தலையில வச்சிக்கிட்டு வருவான். ஒருநாள்கூடக் கொட்டுனது இல்ல. பயந்தாலும் கொண்டாந்து குடுத்துருவான். அந்த மாதிரி ஒங்க பொண்ணையும் பாத்துக்குவான். பொண்ணக் குடுக்கச் சொல்லி ஐயாகிட்ட கேளு."

எங்க ரவி. அப்பாவின் வாயிலிருந்து என் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். இருபத்தெட்டு வருடம் காத்திருந்து, அதை ஒரு மாட்டிடம் சொல்லும்போது ஒளிந்து நின்று கேட்டேன். அந்தச் சோற்றுப் பாத்திரத்தை அவர் கவனித்ததாகவே எனக்குத் தெரியாது.

வாயாடி என்று பெயர் எடுத்த அங்கிள் தலை நிமிராமல் முடிச்சோடு போராடினார். முடிச்சு அவிழ்ந்தது. மிஞ்சியிருந்த ஒரு வடையைப் பிய்த்துப் பிரவுனிக்கு ஊட்டினார்.

"அவரிட்டைச் சொல்லுங்கோ பிரவுனியார்" என்றார். "எனக்கும் கதை மட்டும்தான் வரும், சொல்ல வேண்டியது வராது. தாயில்லாப் பிள்ளை. அவளை ஒருநாளும் செல்லம் எண்டு கூப்பிட்டதில்லை, வெக்கமாக் கிடக்கும். மாட்டைக் கொஞ்சேக்கை அவளுக்கும் கேக்கட்டும் எண்டுதான் அவளின்ர யன்னலுக்கு நேர கொட்டில் போட்டனான். பிள்ளையைத் தாறன். கண்கலங்காமல் வைச்சிருக்கச் சொல்லுங்கோ."

தர்ஷினி அங்கேயே வாழைக்குக் கீழே உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருடம் சாணி நாற்றம் என்று சண்டை பிடித்ததை நினைத்து அழுதாளாம், பிறகு சொன்னாள். அம்மா பின்னால் வந்து நின்று, விசயம் என்ன என்று ஒன்றும் புரியாமலே, தட்டை நீட்டினார். தட்டு மாற்றுகிற சடங்கு வயல் வரப்பில் நடந்தது. வெற்றிலையில் பாதியைக் கௌரி தின்றது. வைரவரின் வாகனமே நேரில் வந்து நிறைகுடத்தைக் கவிழ்த்ததென்றால் இருந்த தடை எல்லாம் விலகிவிட்டது என்றுதான் பொருள் என்று மாமி சொந்தக்காரர்களுக்கு விளக்கம் கொடுத்தார். அவர்களும் தலையாட்டிவிட்டு மிச்ச வடையைச் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் நாயில்லாமல் எதுவும் நடப்பதில்லை. எங்கள் பக்கம் இது யாழ்ப்பாணத்து வழக்கம் என்று நினைக்கிறார்கள், அவர்கள் பக்கம் இது மலைநாட்டு வழக்கம் என்று நினைக்கிறார்கள், இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தின் மனம் நோகக்கூடாது என்று கவனமாகச் செய்கிறார்கள். மூன்றாவது பிரவுனி கிழடாகிச் செத்தபோது, அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அப்பா மூன்று நாள் வாயே திறக்கவில்லை. விசயம் கேள்விப்பட்ட மாமனார் நாலந்தாவிலிருந்து ஒரு சின்ன லொறியில் கௌரியை ஏற்றிக்கொண்டு மாத்தளைக்கு வந்தார். எங்கள் ரோட்டு ஆட்கள் எல்லாம் வாசலுக்கு வந்து பார்க்க, மாட்டை இறக்கி அப்பாவிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு, அவர் உள்ளே போய் அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டார். அப்பா அன்று பின்னேரம் வரைக்கும் மாட்டோடு பேசினார்.

போன மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். மூன்று வயது. நான்காவது பிரவுனி (இது வெள்ளை) வடைமாலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இப்போதெல்லாம் வயிறு நிறையச் சாப்பாடு போட்ட பிறகுதான் மாலை போடுகிறோம். முதல் காதில் ஊசி ஏறியதும் மகள் வீடு அதிர அழுதாள். இரண்டாவது காதைக் காட்டமாட்டேன் என்று பொத்திக்கொண்டாள். என் மாமனார் கதை சொல்லிப் பார்த்தார், மாமி பொம்மை காட்டினார், நான் பாட்டுப் பாடி நிலைமையை இன்னும் மோசமாக்கினேன். அப்பா மெதுவாக எழுந்து வந்து நாயின் முன்னால் குந்தினார். காது சிவந்திருந்தது.

"பிரவுனி, அவள அழ வேணாம்னு சொல்லு. தாத்தா பக்கத்துலதான் இருக்கேன்னு சொல்லு."

மகள் அழுகையை நிறுத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாத்தாவைப் பார்க்காமல், நாயைப் பார்த்துத் திரும்பினாள்.

"பிரவுனி, தாத்தாவக் கையப் பிடிச்சுக்கச் சொல்லு" என்றாள்.